படைக்காத கஞ்சி

மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்களுக்குக் காலையில் கஞ்சி ஊற்றுகிற மடம் ஒன்று அடிவாரத்தில் இருந்தது. ஓடு வேய்ந்த கூடம், ஒரு சமையலறை, ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி நார்த்தை மரங்கள். வேறு சொத்து கிடையாது.

மடத்தை நடத்தியவள் நாற்பது வயதுகூட ஆகாத ஒரு துறவி. எந்த ஊர், என்ன பேர் என்று யாருக்கும் தெரியாது. மடத்தம்மா என்றார்கள். அவளிடம் ஞானம் இருப்பதாகச் சுற்று வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. கஞ்சி நன்றாக இருக்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரியும்.

ஞானம் தேடி யாராவது வந்தால் உளுந்து உடைக்கச் சொல்வாள். பெரும்பாலும் உளுந்து தீருவதற்குள் ஆள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

குற்றாலிங்கம் அப்படிப் போகவில்லை. அவன் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவன். மடத்தம்மாவைவிட மூத்தவன், மீசையில் பாதி நரைத்திருந்தது. ஒரு ஐப்பசி மாதம், அடைமழையில் நனைந்துகொண்டே வந்து கூடத்தின் வாசலில் நின்றான்.

"உள்ள வாங்க" என்றாள் மடத்தம்மா.

அவன் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டான்.

"அம்மா, எனக்கு எட்டு வயசுல ஒரு பையன் இருந்தான். தீபாவளியன்னைக்கு வாய்க்கால் தண்ணி கொண்டு போயிட்டு. அவன் எதுக்குச் செத்தான்? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

மடத்தம்மா உள்ளே போனாள். ஒரு கிண்ணத்தில் உளுந்தங்கஞ்சி கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். ஓரத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய்.

"சூடு போறதுக்குள்ள குடிங்க."

இவள் வயிற்றில் ஒன்று பிறந்து செத்திருந்தால் இப்படிப் பேசுவாளா என்று குற்றாலிங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் குடித்தான். துக்கம் தொண்டையை அடைக்கும் என்பார்கள். உண்மைதான். சோற்றைத்தான் அடைக்கும், கஞ்சிக்கு எப்படியோ வழி விட்டுவிடும்.

அன்றைக்கே தங்கிவிட்டான். ஊரில் அவனுக்கு மனைவி இருந்தாள். ஐந்து வயதில் ஒரு மகளும் இருந்தாள்.

*

வேலைக்கு அவன் சளைக்கவில்லை. உளுந்து உடைத்தான், விறகு பிளந்தான், கஞ்சிப் பானையைத் துழாவினான். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து, நடுவில் உப்பை அடைத்து, பகலில் வெயிலிலும் இரவில் அதன் உப்புத் தண்ணீரிலுமாகப் போட்டு எடுத்தான். எண்ணெய்ச் சட்டியை மட்டும் தொடமாட்டான்.

குருபூசை வந்தது. மடத்தம்மா வடைக்கு ஆட்டி வைத்துவிட்டு, அவனைச் சுடச் சொன்னாள்.

"அம்மா, எங்க வீட்டுல இன்னும் எண்ணெய்ச் சட்டி வைக்கல" என்றான்.

அது அந்தப் பக்கத்து வழக்கம். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. பொங்கலோ தீபாவளியோ, பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பலகாரத்தைத் தட்டில் மூடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வருஷம் கழிந்ததும் மனைவியின் உடன்பிறந்தவன் புது எண்ணெய் வாங்கி வந்து, தன் கையால் சட்டியை வைப்பான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் பலகாரம் சுடலாம், வாய்விட்டுச் சிரிக்கலாம்.

"சரி" என்று அவளே வடை சுட்டாள்.

இடையிடையே அவனுக்குப் பொறுக்க முடியாமல் போகும். பானையைத் துழாவிக்கொண்டே கேட்பான்.

"அம்மா, பாசத்த அறுக்க வழி என்ன?"

"அடி பிடிக்குது பாருங்க."

"எம் பிள்ளை எதுக்குச் செத்தான்?"

ஒரு கிண்ணம் வரும். "சூடு போறதுக்குள்ள குடிங்க."

ஒருநாள் நார்த்தங்காயை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தபோது வேறு மாதிரி கேட்டான்.

"இந்தக் கசப்பு எப்பத்தான் போகும், அம்மா?"

அவள் உள்ளே போய், பழைய ஜாடி ஒன்றிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து கொடுத்தாள். கருத்து, சுருங்கிக் கிடந்தது. வாயில் போட்டான்.

"எப்படி இருக்கு?"

"கசக்கு."

"நான் இந்த மடத்துக்கு வந்த வருசம் போட்டது" என்றாள்.

இரண்டு பேரும் காய்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

*

ஒரு தீபாவளி போய், அடுத்ததும் நெருங்கிவிட்டது. மடத்தில் அன்றைக்குக் குருபூசை. விடியும்போதே நல்ல மழை. மலைக்கு வந்தவர்கள் கூடத்தில் ஒண்டி வரிசையாக நின்றார்கள். குற்றாலிங்கம் யார் முகத்தையும் பார்க்காமல் கஞ்சி ஊற்றிக்கொண்டே வந்தான்.

"அத்தான்" என்றது ஒரு கிண்ணம்.

நிமிர்ந்து பார்த்தான். மனைவி ஆவுடையின் தம்பி சடையப்பன்.

"சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டான். வாய்க்கு அவ்வளவுதான் தெரியும்.

"கஞ்சி ஊத்த நல்லாப் படிச்சிருக்கீக" என்றான் சடையப்பன். "ஊருக்கெல்லாம் ஊத்துதீக. உங்க மக பட்டினி கெடக்கா."

"உலகம்மையா? அவளுக்கு என்ன?"

"திங்க மாட்டேங்கா, அத்தான். ஒரு பருக்க எறங்க மாட்டேங்கு. ஆசுபத்திரியில குளுக்கோசு ஏத்தி அனுப்பினாக. அதுவும் எத்தனை நாளைக்கி?"

கஞ்சி வாளி குற்றாலிங்கத்தின் கையிலேயே இருந்தது. மடத்தம்மா வந்து அதை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தாள். இரண்டு பேரையும் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். குருபூசைக்கு வடை சுட எண்ணெய்ச் சட்டி அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது.

"மொதல்லருந்து சொல்லுங்க, தம்பி" என்றாள்.

"போன வருசம் துக்கம் கழியவும் நான் எண்ணெயும் சட்டியுமாப் போனேன்" என்றான் சடையப்பன். "அடுப்புல வைக்கப் போறேன், பிள்ள ஓடி வந்து எங் காலக் கட்டிக்கிட்டு ஒரே அலறல். பயந்திருக்கா போலன்னு விட்டுட்டேன். பொறவு பார்த்தா, பலகாரம்னா கையால தொட மாட்டேங்கா. அப்புறம் பள்ளிக்கூடத்துச் சோறும் வேண்டாம்னுட்டா. மயங்கி விழுந்த பொறவுதான் டீச்சர் மடியில வச்சுக் கேட்டிருக்காக. அவுக காதுல சொல்லியிருக்கா."

"என்ன சொன்னா?"

"அந்தச் சோத்தச் சாமிக்குப் படைக்கலியாம். படைக்காததத் தின்னா சாமி கொண்டு போயிருமாம். அண்ணன அப்படித்தான் கொண்டு போச்சாம்."

குற்றாலிங்கம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"சரின்னு அக்கா வீட்டுல எல்லாத்தையும் படைச்சுப் படைச்சுக் குடுத்தா. கொஞ்ச நாள் தின்னா. இப்ப அதுவும் இல்ல. படைச்ச சோறு தட்டுல குறையவே இல்லியாம். அப்ப சாமி இன்னும் சாப்பிடலதானேங்கா. நாங்க அதுக்கு என்னத்தச் சொல்ல?"

குழந்தை சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் பெரியவர்களுக்குத்தான் தலை குனியும்.

"அக்கா படைக்காமத் தின்னு காட்டினா. நானும் தின்னேன். 'நீங்க சொன்னா நடக்காது. அப்பா சொன்னதுதான் நடக்கும்'ங்கா."

மடத்தம்மா குற்றாலிங்கத்தைப் பார்த்தாள்.

"என்ன சொன்னீக?"

அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தீபாவளிக்கு முந்தின நாள். முந்திரிக்கொத்து சுட்டு அடுக்கியிருந்தா ஆவுடை. இன்னும் படைக்கல. எம் பையன் நம்பி மெல்ல வந்து ஒண்ணுல கை வச்சான். நான் கையில ஓங்கித் தட்டினேன். உருண்டை தெறிச்சுப் போச்சு. 'படைக்கும் முன்ன தொட்டா சாமி கொண்டு போயிரும்'னேன். சின்னவ பக்கத்துலதான் நின்னா. மறுநாள் விடிய, எண்ணெய் தேச்சுக்கிட்டு வாய்க்காலுக்குப் போனான். மழைத் தண்ணி. கீழ மதகுலதான் எடுத்தோம்."

அந்தக் கையைக் கவிழ்த்துக்கொண்டு, "அவன் கை செவந்திருந்துச்சா, இல்லியான்னு அப்பப் பார்க்கல" என்றான்.

முந்திரிக்கொத்து என்பது பாசிப்பயறை வறுத்து இடித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் தோய்த்துப் பொரிப்பது. பேரில்தான் முந்திரி. அதில் கைவைத்த பிள்ளையை எல்லா வீட்டிலும் அப்படித்தான் அதட்டுவார்கள். சாமி கண்ணைக் குத்தும், சாமி கொண்டு போயிரும். நம் பக்கத்தில் பிள்ளை வளர்ப்பதில் பாதி வேலையைச் சாமி தலையில்தான் கட்டியிருக்கிறோம். சொன்னவர்கள் மறந்துபோவார்கள். குற்றாலிங்கத்தை மறக்கவிடாமல் அடுத்த நாள் விடிந்துவிட்டது.

"இத எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள் மடத்தம்மா.

"நீங்க கேக்கலியே, அம்மா."

"நான் எதையுமே கேக்கலியே. நீங்கதான் கேட்டுக்கிட்டே இருந்தீக."

சடையப்பன் எழுந்தான். "அத்தான், கெளம்புங்க."

"எங்க போக? தரைப்பாலத்து மேல தண்ணி போகுது" என்றாள் மடத்தம்மா. "நீங்க வந்ததுதான் கடைசி பஸ். நாளைக்கு வெள்ளம் வடிஞ்சாத்தான்."

குற்றாலிங்கம் கை கூப்பினான்.

"அம்மா, அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல? சாமி கொண்டு போகாதுன்னா, அண்ணன் எப்படிச் செத்தான்னு கேப்பா. கொண்டு போகும்னா, அவ சாவா. எதச் சொல்ல?"

மடத்தம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள். வாழையிலைத் துண்டில் மாவைத் தட்டி, நடுவில் துளையிட்டு, எண்ணெயில் விட்டாள். குருபூசையின் முதல் வடை. அது சிவந்ததும் அரிகரண்டியால் எடுத்தாள். குருவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுத் தயாராக இருந்தது. அந்தப் பக்கமே பார்க்காமல் வடையைப் பிட்டு வாயில் போட்டாள்.

"அம்மா!" என்று கத்திவிட்டான் குற்றாலிங்கம். "இன்னும் படைக்கலியே!"

"ஆமா" என்றாள். முழுசையும் தின்றாள். "உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு."

மீதி வடைகளைச் சுட்டு, இலையில் வைத்து, கற்பூரம் காட்டினாள். எல்லாம் எப்போதும் போலவே நடந்தது.

*

அன்று முழுக்கக் குற்றாலிங்கம் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் இருமினால் நிமிர்ந்து பார்த்தான். பாசி பிடித்த கிணற்றடிக்கு அவள் குடத்தோடு போனபோது பின்னாலேயே போய் நின்றான்.

"என்னத்துக்கு வாறீக?"

"சும்மாதான்."

சாயங்காலம் அவளுக்குக் கால் லேசாக இடறியது. பாதி வழி ஓடிவந்துவிட்டான். அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனாள். கேலி செய்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

காலையில் மடத்தம்மா சமையலறைக் கதவைத் திறந்தபோது அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் பழுத்திருந்தன.

"தூங்கினீகளா?"

"இல்ல."

"உங்களுக்கு ஒரு ராத்திரி" என்றாள் மடத்தம்மா. "ஏழு வயசுப் பிள்ளை எப்ப தூங்குச்சோ."

குற்றாலிங்கம் எழுந்துபோய்த் துணியை மூட்டை கட்டினான். மழை விட்டிருந்தது. சடையப்பன் பஸ் பார்க்கச் சாலைக்குப் போயிருந்தான். மடத்தம்மா ஒரு சின்ன ஜாடியில் நார்த்தங்காயை அடைத்து, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தாள்.

"அம்மா, கடைசியாக் கேக்கேன். எம் பிள்ளை எதுக்குச் செத்தான்?"

"எனக்கு எங்க தெரியும்?" என்றாள் அவள். "தெரிஞ்சு வச்சுக்கிட்டா வஞ்சகம் பண்ணுதேன்?"

"அப்ப, கேக்கும்போதெல்லாம் கஞ்சியக் குடுத்தீகளே?"

"பசியா இருந்தீக. அது தெரிஞ்சுது."

*

ஆவுடை வாசலில் நின்றாள். வா என்று சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள்.

"ஞானம் கெடச்சிட்டா?" என்று கேட்டாள்.

குற்றாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நானும் ஒரு பிள்ளையத்தான் தூக்கிக் குடுத்தேன். எனக்கு எந்த மடத்துக்கும் போகத் தெரியல" என்றாள். சொல்லிவிட்டு வழியை விட்டாள்.

உள்ளே பாயில் உலகம்மை படுத்திருந்தாள். மணிக்கட்டு குச்சியாக இருந்தது. அவள் முகம் சாமி படங்கள் இருந்த மாடத்தைப் பார்த்து இருந்தது. மாடத்துக்குக் கீழே ஒரு தட்டில் சோறு. நேற்றைய சோறு, எறும்பு மொய்த்துக் காய்ந்துபோயிருந்தது. குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றாலிங்கம் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் தலையைத் திருப்பினாள். அழவில்லை. எங்கே போனாய் என்றும் கேட்கவில்லை.

"சாமி இன்னும் சாப்பிடலப்பா" என்றாள்.

அவன் அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்துபோனான். அடுக்களையில் ஆவுடை நின்றாள்.

"முந்திரிக்கொத்துக்கு மாவு பண்ணு."

அந்தப் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்லியே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆவுடை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அதையா? உங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

"அதத்தான்."

கொஞ்ச நேரம் அவனை முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பாசிப்பயறை எடுத்துச் சட்டியில் கொட்டி வறுத்தாள். இடித்தாள். கருப்பட்டிப் பாகு காய்ச்சினாள். அழுதுகொண்டேதான் உருட்டினாள். ஆனால் உருண்டைகள் எல்லாம் ஒரே அளவில் வந்தன.

சடையப்பன் தாய்மாமன் முறைக்குப் புது எண்ணெய் ஊற்றி, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தான். எண்ணெய் காய்கிற வாசம் வீட்டுக்குள் பரவியது. பாயில் கிடந்த பிள்ளை எப்படியோ எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வேண்டாம்பா. சட்டிய எறக்கச் சொல்லு."

ஆவுடை முதல் உருண்டையை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டாள். பொரிந்து மேலே வந்தது. எடுத்துத் தட்டில் போட்டாள். ஆறுவதற்குக்கூடக் காத்திராமல் குற்றாலிங்கம் வலது கையால் எடுத்தான். விரல் சுட்டது. அந்தக் கைதான்.

"அப்பா, சாமிக்குப் படைக்கல!"

"ஆமா மக்கா. படைக்கல."

வாயில் போட்டான். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாகத் தன் சொல்தான் பிள்ளையைக் கொன்றது என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தவன் அவன். சாகப் பயமில்லை. இவள் கண் முன்னால் செத்துவிடக் கூடாதே என்றுதான் பயந்தான்.

"துப்பிரு, அப்பா. துப்பிரு!"

அவன் மென்றான். கருப்பட்டி இனித்தது. நன்றாக இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நம்பி கையிலிருந்து தெறித்துப்போன உருண்டையும் இதே ருசியில்தான் இருந்திருக்கும். விழுங்கினான்.

உலகம்மை அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடவேயில்லை. அவன் உட்கார்ந்தால் உட்கார்ந்தாள், எழுந்தால் எழுந்தாள். விளக்கணைத்த பிறகும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் படுத்தான், ஆனால் தூங்கவில்லை. தூங்கினால் மகள் பயப்படுவாள் என்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.

எப்போதோ ஒருகணம் கண் மூடிவிட்டது. மூக்குக்குக் கீழே ஏதோ பட்டு விழித்தான். உலகம்மை விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டின் இடுக்கு வெளுத்திருந்தது.

"இருக்கியா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்."

"விடிஞ்சிட்டா?"

"விடிஞ்சிட்டு."

அவள் எழுந்துபோய்க் கதவைத் தள்ளி வெளியே பார்த்தாள். வெயில் வந்திருந்தது. திரும்பி வந்து, அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆவுடை உளுந்தங்கஞ்சி கொண்டுவந்தாள். மாடத்தின் பக்கம் போகவில்லை. நேராக வந்து இரண்டு பேருக்கும் நடுவில் கிண்ணத்தை வைத்தாள். குற்றாலிங்கம் மடத்து ஜாடியை அவிழ்த்து ஒரு துண்டு நார்த்தங்காயை ஓரத்தில் வைத்தான்.

உலகம்மை கை நீட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு அவனுடைய வலது கையைப் பார்த்தாள்.

அவன் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

அவள் இரண்டு கையாலும் கிண்ணத்தை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். தொண்டையில் இறங்கியது. ஆவுடை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா."

"என்ன மக்கா?"

"அன்னைக்கு அண்ணன் அவனுக்கு எடுக்கல. நான்தான் கேட்டேன். எனக்குத்தான் எடுத்தான்."

குற்றாலிங்கம் இடது கையால் அவள் தலையைத் தடவினான்.

"சாமியும் கொண்டு போகலைன்னா" என்றாள் உலகம்மை, "அவன் எதுக்குப்பா செத்தான்?"

அவன் மகளைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். கஞ்சியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"சூடு போறதுக்குள்ள குடி, மக்கா" என்றான்.